போதிய காரணம்

பிராக் நகரத்துக்குப் போக
இரண்டு வருடம் சீட்டுக் கட்டினேன்.
ஒற்றைப் பக்கத்தில் பதில் வந்தது,
ஆறாவது கட்டத்தில் ஒரு டிக்:
தாங்கள் நாடு திரும்புவீர்கள் என்று நம்பப்
போதிய காரணம் இல்லை.

கணவர் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தேன்.
பிள்ளைகள் என்ற இடத்திலும்.
வேலை, சாயப்பட்டறையில் கணக்கு.
சொத்து, பெருந்துறையில் ஒத்திக்கு ஒரு வீடு.
அது சொத்தில் சேருமா என்று தெரியாமல்
எழுதி அழித்து மறுபடி எழுதியது
தாளில் அழுக்காகத் தெரிந்திருக்கும்.

எடுத்த விடுப்பை என்ன செய்ய?
கோட்டு வேறு வாங்கியாகிவிட்டது,
மைனஸ் பத்து வரை தாங்குமாம்.
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறும்போது
அதற்குள் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்று தொடங்கிய விடியலில்
தலைகுந்தாப் புல்வெளியில் உறைபனி.
நடந்தால் காலடியில்
அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
படமெடுக்கக் கையுறையைக் கழற்றுவதற்குள்
வெயில் வந்து கணக்கை நேர் செய்துவிட்டது.
ஈரப் புல். வேறொன்றும் இல்லை.

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு தேன்கடை.
எட்டு மாதம் போனில் பழகிய
அந்த ஊர் வணக்கத்தை
எங்காவது ஒருமுறை செலவழிக்க வேண்டுமே.
"தோப்ரீ தென்" என்றேன்.
அவர் குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கி,
"தோப்புத் தேன் இல்லீங்க,
இங்க எல்லாம் மலைத்தேன்தான்" என்றார்.
கால் கிலோ வாங்கினேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் சரிவில்
வெள்ளைக்காரர்களின் கல்லறைகள்.
ஒரு ஹாரியட், வயது இருபத்தாறு.
ஒரு கர்னல், பாதிப் பெயரைப் பாசி தின்றுவிட்டது.
நான்கு மாதக் குழந்தை ஒன்று.
யாரும் விசா கேட்டு வந்தவர்கள் இல்லை.
திரும்பிப் போக இவர்களுக்கும்
காரணம் போதவில்லையோ என்று நினைத்து
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
குழந்தையிடம் கேட்கிற கேள்வியா அது.

பேக்கரியில் அரைக் கிலோ கேக்.
"பேர் சொல்லுங்கக்கா."
ஞானசௌந்தரி.
பையன் கேக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"ஞானம் மட்டும் போட்டாப் போதுமா?"
போதும் தம்பி. அதுவே அதிகம்.

சாயங்காலம், கேத்திக்குப் போகும் மினி பஸ்.
இருபது ரூபாய் கொடுத்தேன், சில்லறை அப்புறம் என்றார்.
கேரட் கழுவிவிட்டு வீடு திரும்பும் பெண்கள்,
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்,
நாளெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.
மடியில் அட்டைப் பெட்டியோடு நான்.
"யாருக்குப் பொறந்த நாளு?"
எனக்குத்தான் என்று சொல்ல
ஏனோ வெட்கமாக இருந்தது.

கூடைக்குள்ளிருந்து ஒரு கத்தி வந்தது,
முந்தானையில் துடைத்துக் கொடுத்தார்கள்.
கொண்டை ஊசி வளைவில் வெட்டியதால்
ஒரு துண்டும் நேராக இல்லை.
'ஞா' டிரைவருக்குப் போனது.
பெள்ளி என்று மற்றவர்கள் கூப்பிட்டவள்
க்ரீம் ஒட்டிய கையாலேயே என் கன்னத்தைப் பிடித்துப்
படுக மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள்.
அதற்குள் நுழையவும் எனக்கு விசா இல்லை.
மடியில் நாலு கேரட் விழுந்தன,
தழையோடு.

கேத்தியில் இறங்கி நின்றேன்.
பள்ளத்தாக்கில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.
பிராக்கில் இப்போது பகல் இரண்டு மணி,
நான் போகாத பாலத்தில் யார் யாரோ நடந்துகொண்டிருப்பார்கள்.
கோட்டுப் பொத்தானை முதல்முறையாகக்
கழுத்து வரை போட்டேன்.

டிக்கெட்டைக் கசக்கப் போனபோதுதான் பார்த்தேன்,
பின்பக்கம், நீலப் பேனாவில்,
கண்டக்டரின் கோழிக் கிறுக்கல்:
பாக்கி 7.
பஸ் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.

நீவி, நாலாய் மடித்து,
அந்தக் கடிதம் இருந்த உறைக்குள்ளேயே
இதையும் வைத்தேன்.